மூணாற்றுப் பொங்கலுக்கு ஒரு கிட்டார் ஆம்ப்

பாலக்காட்டுக் கணவாயின் காற்றை அறியாத தமிழ்க் குடும்பம் இப்பகுதியில் இல்லை. வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் எழுந்து நிற்க, இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு மலை தன் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அக்கதவின் வழியே காற்று வந்தது, இரயில் வந்தது, பிழைப்பைத் தேடி நம்மவரும் வந்தனர். இரயில்வே எழுத்தராக நாம் இவ்வூருக்கு மாற்றலாகி வந்து பதினோர் ஆண்டுகள் ஆகின்றன.

நம் தமக்கையார் மூணாற்றை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் வாழ்பவர். சங்கரன்கோயில் பக்கத்துக் கரிசல் மண்ணிலிருந்து மலையேறிய குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவர் மகன் நம் இல்லத்தில் தங்கித் தொழிற்கல்வி பயில்கிறான். படிப்பிலும் கிட்டாரிலும் அவனுக்கு ஒத்த ஆர்வம். உண்மையைச் சொன்னால், கிட்டாரில் சற்றுக் கூடுதல்.

"பொங்கலுக்கு மலையேறி வந்தீரே, பயணத்தைப் பற்றி எழுதித் தாரும்" என்று நம் இதழாசிரியர் சென்ற கூட்டத்தில் கேட்டார். எழுத அமர்ந்த பின்னரே, அது பயணக் கதை மட்டுமன்று, ஓர் ஆம்ப் வாங்கிய கதையும் ஆகும் என்பது புலனாயிற்று. வீட்டில் இசை பயிலும் பிள்ளைகளை உடையோர் இதனைக் கதையாக மட்டும் கொள்ளாதிருக்க வேண்டுகிறோம்.

அக்காள் விதித்த நிபந்தனை

முந்திய ஆண்டு ஒரு திருவிழா மேடையில் நம் மருமகன் வாசித்தான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. இடக்கை கிட்டார்க் கம்பிகளின்மேல் இருக்க, பாடுவதற்காக மைக்கின் அருகே வாயைக் கொண்டுபோனான். உதடு மைக்கைத் தொட்டதும் தூக்கி எறியப்பட்டு விழுந்தான். சில நொடிகள் அவனுக்கு நினைவில்லை. உதட்டில் ஒரு தீப்புண்; உயிர் பிழைத்தது பெரிது.

அன்றிரவே அக்காள் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, இனி அந்தக் கிட்டார் அவன் கையில் இருக்கக் கூடாது. நான் கொழுந்து கிள்ளி வளர்த்த பிள்ளை" என்றார். அதற்கு மறுமொழி சொல்ல நமக்கு நா எழவில்லை. கிட்டார் உறைக்குள் போயிற்று. எட்டு மாதம் பரண்மேல் கிடந்தது. பையன் ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. அதுவே நமக்கு அதிக வருத்தத்தைத் தந்தது.

புரட்டாசியில் அக்காளின் தோட்டத்து இளைஞர்கள் பொங்கல் விழாவிற்கு நம் பையன் குழுவை அழைத்தனர். நாம் தயங்கித் தயங்கி அக்காளிடம் கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்து, "நீ கூடவே இருந்து நல்ல பெட்டியாகப் பார்த்து வாங்கு. ஷாக் அடிக்காது என்று நீ சொன்னால் நான் நம்புகிறேன்" என்றார். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்ட நம் வாக்கின்மேல் ஒரு தாய் தன் பிள்ளையின் உயிரை வைத்துவிட்டார். அன்று முதல் நமக்கு உறக்கம் குறைந்தது.

சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்கள் சில ஒன்றுகூடி 24,000 ரூபாய் சேர்த்துக் கொடுத்தன. "இனிப் பெட்டி சங்கத்தின் உடைமை, எந்தப் பிள்ளை வாசித்தாலும் பயன்படட்டும்" என்பது ஏற்பாடு.

கல்பாத்தியில் ஓர் உரையாடல்

பாலக்காடு இசைக்குப் பேர்போன ஊர். செம்பை வைத்தியநாத பாகவதரின் பெயரால் இங்கு அரசு இசைக் கல்லூரி நடைபெறுகின்றது. மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விசுவநாதன் 1928இல் பிறந்த எலப்புள்ளி இங்கிருந்து தொலைவில் இல்லை. கல்பாத்தித் தேரின்போது இன்றும் தெருவெல்லாம் இசையே.

அக்கல்பாத்தியில் ஓய்வுபெற்ற கார்டு ஒருவர் நமக்கு நண்பர், மிருதங்கப் பித்தர். நம் அலுவலைக் கேட்டு நகைத்தார். "பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று வாசித்தவர். அவர் ஊர்க்காற்றைச் சுவாசித்துக்கொண்டு நீர் ஆம்ப் தேடுகிறீரே!" என்றார்.

நம் மருமகன் பணிவாக விடை சொன்னான். "தாத்தா, மிருதங்கத்திற்குக் குடம் உண்டு, வீணைக்கும் குடம் உண்டு. மின்கிட்டார் வெறும் பலகை. கம்பி அதிரும்போது அதன் கீழேயுள்ள காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் அவ்வதிர்வைச் சிறு மின்னோட்டமாக மாற்றித் தரும். அதை ஒலியாக்குவது ஆம்ப்தான். ஆம்ப் இல்லாவிட்டால் பக்கத்து அறைக்குக்கூடக் கேளாது."

முதியவர் சற்றே சிந்தித்து, "அப்படியானால் நீ வாங்கப்போவது ஒலிபெருக்கி அன்று, கிட்டாரின் குடத்தையே வாங்கப்போகிறாய். பார்த்து வாங்கு" என்றார். ஆம்ப் என்பது கருவிக்கு வெளியே இருக்கும் கருவியின் பாதி என்ற உண்மை அன்று நமக்கு விளங்கிற்று.

கோவைக் கடையில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவைக்குச் சென்றோம். இசைக்கருவிக் கடையொன்றில், ரேடியோக் காலத்திலிருந்தே பழுதுபார்த்து வரும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். பையன் நேரே பெரியதொரு பெட்டியின் முன்னே போய் நின்றான். 1975இல் வெளிவந்து இன்றும் பலர் விரும்பும் ரோலண்ட் ஜாஸ் கோரஸ் 120 அது. 120 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. ஒலி தேன்போல் இருந்தது. விலை நமக்கு எட்டாதது என்பதோடு, வேறொரு தடையும் இருந்தது. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

"வாட் கூடினால் ஒலியும் அவ்வளவுக்குக் கூடும் என்று எல்லாரும் எண்ணுகிறார்கள்" என்று மெக்கானிக் தொடங்கினார். "50 வாட்டை 100 ஆக்கினால் ஒலி மூன்று டெசிபல்தான் ஏறும், காதுக்கு அது சிறு வேறுபாடு. இரு மடங்காகக் கேட்க வேண்டுமானால் ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே வாட்டுக்காகப் பணத்தைக் கொட்டாதீர்கள். டிரம்ஸ் அடிப்பவர் பக்கத்தில் இருக்கும்போது கிட்டார் கேட்க வேண்டும். அதற்கு 12 அங்குல ஸ்பீக்கரும் 50 வாட்டும் உள்ள டிரான்சிஸ்டர்ப் பெட்டி போதும்."

"வால்வு ஆம்ப்தானே சிறந்தது என்கிறார்கள்?" என்று பையன் கேட்டான்.

"இனிமையில் ஐயமில்லை. 1950களின் இறுதியில் இங்கிலாந்தில் வந்த வாக்ஸ் ஏசி 30 வால்வுப் பெட்டிதான். பீட்டில்ஸ் குழுவினர் வாசித்ததும் அதில்தான். அதே வாட்டுள்ள டிரான்சிஸ்டர் ஆம்பைவிட வால்வு ஆம்ப் உரத்துக் கேட்கும் என்பதும் மெய்யே. ஆனால் வால்வு என்பது கண்ணாடிக் குழல். மலைப்பாதையில் ஜீப்பில் குலுங்கினால் என்ன ஆகும்? தேய்ந்த வால்வை மாற்றுவதற்கு மூணாற்றில் யார் இருக்கிறார்கள்? நிலைத்த மேடையுள்ளவர்களுக்கு வால்வு. ஊர் ஊராய்ப் போகிறவர்களுக்கு டிரான்சிஸ்டர்."

அமெரிக்காவில் வாழும் உறவினர் ஒருவர் தம் பழைய ஆம்பை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அதனையும் கேட்டோம். அந்நாட்டு மின்சாரம் 120 வோல்ட். நம் நாட்டில் 230 வோல்ட். அப்பெட்டியை நேரே இங்கே சொருகினால் கருகிவிடும். இடையே மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அதன் எடை வேறு. வெளிநாட்டு உறவினரிடமிருந்து பெட்டி பெறுவோர், வாங்குமுன் பின்புறத்தில் பொறித்துள்ள வோல்ட் கணக்கைப் படிப்பது நன்று.

இறுதியில், கல்லூரி மாணவர் ஒருவர் பயன்படுத்தி விற்பனைக்கு விட்டுச் சென்ற பாஸ் கட்டானா 50 ஒன்றைக் கண்டோம். பையன் அரைமணி நேரம் வாசித்துப் பார்த்தான். வீட்டில் பழக அரை வாட், சிறு கூடத்திற்கு 25 வாட், மேடைக்கு 50 வாட் எனத் திருகி வைத்துக்கொள்ள வழி இருந்தது. மைக்செட்டோடு இணைக்கும் துளையும் இருந்தது. நாமோ சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தோம். கடைக்காரர் வியந்து நோக்கினார்.

இரயில்வே விதியொன்று உண்டு. பயணி தம்முடன் பெட்டிக்குள் கொண்டுசெல்லும் மூட்டை, 100 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் தடிப்புக்குள் அடங்க வேண்டும். இரண்டாம் வகுப்பில் கட்டணமின்றி 35 கிலோ வரை கொண்டுசெல்லலாம். பையன் விரும்பிய பெரிய பெட்டி 28 கிலோ, எடையில் தேறிற்று. தடிப்போ 28 சென்டிமீட்டர். அது பிரேக் வானுக்கு உரியது. கட்டானாவின் தடிப்பு 24 சென்டிமீட்டருக்குள் அடங்கியது. எடை 12 கிலோவை எட்டவில்லை. பிறர் மீறும் விதியை நாமும் மீறலாமே என்றான் பையன். விதி சொல்லிக் கட்டணம் வாங்கும் கை, விதியை மீறலாகாது என்றோம்.

எஞ்சிய பணத்தில் மெக்கானிக் இன்னொரு பொருளையும் வாங்கச் செய்தார். ஐந்து பிளக்குகளைச் சொருகக்கூடிய பலகை. அதன் தலையில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் சுவிட்ச். கூடவே, சட்டைப்பையில் வைக்கும் நியான் டெஸ்டர். "ஆம்ப் வாங்குகிறவர் நூற்றுக்கு ஒருவர்கூட இதைக் கேட்பதில்லை" என்று அவர் பெருமூச்செறிந்தார்.

பையனுக்கு நேர்ந்ததை அவரிடம் விளக்கிக் கேட்டோம். கிட்டார்க் கம்பிகள், வயரின் மேலுறை வழியே ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. மைக்கின் இரும்புக் கூண்டு, மைக்செட் மிக்ஸரின் உடலோடு இணைந்தது. இரண்டும் வெவ்வேறு இடத்தில் மின்சாரம் எடுத்து, ஒன்றில் எர்த் அறுந்து கசிவும் இருந்தால், கம்பியைத் தொட்ட கைக்கும் மைக்கைத் தொட்ட உதட்டுக்கும் இடையே நெஞ்சின் வழியாக மின்சாரம் பாயும். 1972ஆம் ஆண்டு மே மாதத்தில், இங்கிலாந்துக்கு மேற்கேயுள்ள வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், லெஸ் ஹார்வி என்னும் கிட்டார்க் கலைஞர் மேடையில் மைக்கைத் தொட்டு மின்தாக்கி இறந்தார். நம் பையன் தப்பியது எத்தகைய விபத்திலிருந்து என்பதை எண்ணி, கடையிலேயே நமக்கு உடல் வியர்த்தது.

உடுமலை வழியாக

பொங்கலுக்குப் பாலக்காடு, இடுக்கி முதலிய ஆறு மாவட்டங்களுக்குக் கேரள அரசு உள்ளூர் விடுமுறை அளிக்கின்றது. நாம் மத்திய அரசு ஊழியர் ஆதலின் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டே புறப்பட்டோம்.

திருச்செந்தூர் செல்லும் வண்டியில் ஏறினோம். முன்பு மீட்டர்கேஜாக இருந்து 2015இல் அகலப்பாதையாய்த் திறக்கப்பட்ட வழி இது. புதுநகரம், கொல்லங்கோடு, மாந்தோப்புக்குப் புகழ்பெற்ற முதலமடை, எல்லையில் மீனாட்சிபுரம். வலப்புறத்தே மலைச்சுவர், இடப்புறத்தே பனைமரங்கள். பெட்டியில் மலையாளமாகத் தொடங்கிய பேச்சு பொள்ளாச்சிக்குள் தமிழாகிவிட்டது. ஆம்ப் நம் இருக்கையின் கீழ் அடக்கமாய்ப் படுத்திருந்தது.

உடுமலையில் இறங்கி மூணாறு பேருந்தில் ஏறினோம். சின்னாறு சோதனைச்சாவடியில் மீண்டும் கேரளம். மழைமறைவுப் பகுதியாதலின் சின்னாற்றில் முள்மரங்களும் வறண்ட பாறைகளும் மிகுதி. மறையூரில் சந்தனக்காட்டைச் சுற்றிய வேலி, கரும்பு வயல்கள், வெல்லம் காய்ச்சும் புகையின் மணம். மறையூர் வெல்லத்திற்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பால் சாலை வளைந்து வளைந்து ஏற, வறட்சி மறைந்து தேயிலை தோன்றியது. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி மேகத்திற்குள் இருந்தது.

மூணாற்றுக்கு இன்று இரயில் இல்லை. ஆனால் ஒருகாலத்தில் இருந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கில் தேயிலை ஏற்றிச் சென்ற சிறு இரயில்பாதை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. இரயில்வேக்காரனுக்கு அவ்வூரில் இறங்கும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு சிறு வெறுமை தோன்றும்.

அன்று பாடியவர்கள்

தோட்டத்து வரிசை வீடுகளை மலையாளத்தார் 'லயம்' என்பர். தாளமும் லயமும் அறிந்த நமக்கு அச்சொல் இனிக்கும். உள்ளே வாழ்வோர்க்கோ ஓர் அறையும் ஓர் அடுக்களையுமே அதன் பொருள். இம்மலையில் பாட்டு எப்போதும் வேலைக்காரரின் துணையாகவே இருந்திருக்கிறது.

மாமாவின் தந்தையார் நெருப்பருகே அமர்ந்து பழைய கதை சொன்னார். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தது. ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்ற தேர்தல். தமிழ்த் தொழிலாளரிடம் வாக்குக் கேட்பதற்காக, மலைக்குக் கீழே பண்ணைபுரத்திலிருந்து பாவலர் வரதராசன் தம் பாட்டுக்களோடு வந்தார். உடன் வந்த இளந்தம்பிதான் பின்னாளில் இளையராசா எனப் புகழ்பெற்றவர். அப்போது அவர் மீசை முளைக்காத சிறுவர். அவரே சென்னைக்குச் சென்று கிட்டாரும் பயின்று, தமிழ்த் திரையிசையில் கிட்டாருக்கு ஓர் இடம் தேடித் தந்தார்.

"அந்தப் பையன் பாடிய மலையில்தான் நீயும் வாசிக்கப்போகிறாய்" என்று முதியவர் பேரனின் தலையைத் தடவினார். அக்காள் ஒன்றும் பேசாமல் அடுப்பைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.

பொங்கல் மாலை

மாலை ஐந்து மணிக்கே குளிர் இறங்கியது. திடலில் மைக்செட்காரர் பெட்டிகளை அடுக்கியிருந்தார். மின்னழுத்தம் தாழ்ந்ததால் ஜெனரேட்டர் ஓடியது. ஆம்பை மேடையில் தரையில் வைத்தான் பையன். "தரையில் வைத்தால் ஒலி உன் முழங்காலுக்குத்தான் கேட்கும்" என்று கோவை மெக்கானிக் சொன்னதை நினைவூட்டினோம். நாற்காலிமேல் வைத்துச் சற்றே பின்னுக்குச் சாய்த்தான்.

மைக்கை நாம் டெஸ்டரால் தொட்டோம். சிவப்பு விளக்கு எரிந்தது.

பையன் முகம் வெளுத்தது. மேடைக்குக் கீழே முன்வரிசையில் அமர்ந்திருந்த அக்காள் எழுந்து நின்றுவிட்டார். நம் கை நடுங்கியதை மறைத்துக்கொண்டு, மைக்செட்காரரை அழைத்தோம். அவர் நல்லவர், முதலில் "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே, சார்" என்றாலும், மறுக்காமல் மிக்ஸரின் பின்னே பார்த்தார். மூன்று முள் பிளக்கின் எர்த் முள் ஒடிந்து, இரண்டு முள்ளோடு சொருகியிருந்தது.

தோட்டத்து எலக்ட்ரீஷியன் வந்தார். பிளக்கை மாற்றினார். ஜெனரேட்டரின் எர்த்தை ஈரமண்ணில் அடித்த இரும்புக் குழாயோடு இணைத்தார். மிக்ஸர், ஆம்ப், கீபோர்டு மூன்றும் நாங்கள் கொண்டுவந்த ஒரே பலகையில் சொருகப்பட்டன. மீண்டும் டெஸ்டர் வைத்தோம், விளக்கு எரியவில்லை. கூடியிருந்தோர் முணுமுணுத்தனர். விழா முக்கால்மணி நேரம் தாமதமாயிற்று.

நாம் மேடையிலிருந்து இறங்கி, "அக்கா, இப்போது சொல்கிறேன். பயமில்லை" என்றோம். அவர் நம் முகத்தைப் பார்த்தார். பின்பு மேடையைப் பார்த்து, "வாசிக்கச் சொல்" என்று சொல்லி அமர்ந்தார்.

ஆம்பின் ஒலி மேடைக்கு மட்டும். திடலில் இருந்தவர்க்கோ மைக்செட் வழியே கிட்டார் போய்ச் சேர்ந்தது. திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி ஆறு டெசிபல் குறையும். ஆகவே கடைசி வரிசையை எட்டுவதற்கு ஆம்பை அலறவிடுவது வீண். நம் பையன் ஒலித் திருகைப் பாதியளவே திருப்பியிருந்தான். எனினும் பாட்டு ஒவ்வொன்றும் தெளிவாய்க் கேட்டது. பகலெல்லாம் கூடை சுமந்த பெண்கள் கைதட்டித் தாளம் போட்டனர். சரியாகப் பத்து மணிக்கு நிறுத்தினோம். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாதென 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. மறுநாள் விடியலில் வேலைக்குச் செல்வோர் நிறைந்த இடத்தில், விதி இல்லாவிடினும் அதுவே மரியாதை.

வீடு திரும்பும்போது அக்காள் ஆம்பைத் தாமே தூக்கிப் பார்த்தார். "இவ்வளவு இலேசா?" என்றார், "கூடையைவிடக் குறைவுதான்" என்று சிரித்தார். எட்டு மாதத்திற்குப் பின் அவர் சிரித்ததை அன்றுதான் கண்டோம்.

அன்பர்க்கு ஒரு சொல்

மேடையில் வாசிக்கும் பிள்ளைகளுக்கு ஆம்ப் வாங்க நினைக்கும் பெற்றோர், வாட் கணக்கை மட்டும் கேட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடற்க. எடையைக் கேளுங்கள், வோல்ட்டைப் படியுங்கள், மைக்செட்டோடு இணைக்கும் வழி உண்டா எனப் பாருங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, மூன்றாம் முள்ளைப் பாருங்கள். நாற்பது ஐம்பது ரூபாய் டெஸ்டர் ஒன்று பிள்ளையின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும். மைக்கில் அவ்விளக்குச் சற்றே மின்னினாலும், சரிசெய்யும் வரையில் வாசிக்கலாகாது. கூட்டம் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

அந்த ஆம்ப் இப்போது நம் சங்க அலுவலக அலமாரியில் இருக்கின்றது. வேண்டுவோர் கையெழுத்திட்டு எடுத்துச் செல்லலாம். பலகையும் டெஸ்டரும் அதனோடு சேர்த்தே தரப்படும்; தனியே ஆம்ப் மட்டும் தருவதில்லை என்பது நாம் எழுதி வைத்த விதி.